ஆஸ்திரேலியாவின் நடுப்பாலையில் தனியாகப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடிலெய்டில் தமிழ்ப் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நிற்கும் பெற்றோர் கூட்டம்தான் இந்தப் பக்கத்துக்குக் காரணம். ஒவ்வொரு குளிர்காலமும் நான் வடக்கே பாலைப் பக்கம் வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்வருவேன். வந்த வாரம் முழுக்க அதே கேள்விகள். ஊரிலிருந்தும் வாட்ஸப்பில் வரும். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். சவுத் ஆஸ்திரேலியாவின் வடகோடியும் அதை ஒட்டிய சிம்சன் பாலையும்தான் எனக்குத் தெரிந்த பகுதி. அதைத் தாண்டி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

"தனியாவா? எதுக்கு?"

நினைத்த இடத்தில் நிறுத்தலாம். பேச்சுக் கொடுக்க ஆள் இல்லாததால் காது திறக்கும். இதைவிடப் பெரிய விளக்கம் என்னிடம் இல்லை. நம் பழைய பாடல்களில் பாலை என்றாலே பிரிவு. அதில் வெந்துபோவது போகிறவன் அல்ல, வீட்டில் இருப்பவள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அதற்கு என்ன செய்கிறோம் என்பதைக் கீழே ஒரு கேள்வியில் சொல்கிறேன்.

"பாலைவனம்னா வெறும் மணலா? ஒட்டகம் எல்லாம் இருக்குமா?"

மணல் ஒரு பங்குதான். மாரீ என்ற சிற்றூரைத் தாண்டினால் பல கிலோமீட்டருக்குக் கருஞ்சிவப்புக் கூழாங்கல் பரப்பு. இதை இங்கே கிப்பர் என்பார்கள். இடையிடையே உப்புப் பூத்த ஏரிகள். அதில் பெரியது கட்டி தண்டா என்கிற ஏர் ஏரி, கடல் மட்டத்துக்கு 15 மீட்டர் கீழே கிடக்கிறது. இன்னும் வடக்கே போனால்தான் சிம்சன். ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் 1,100-க்கும் மேற்பட்ட சிவப்பு மணல்மேடுகள் குறுக்கே வரும்.

ஒட்டகம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் சுமை இழுக்க இறக்குமதி செய்யப்பட்டவற்றின் வாரிசுகள், இப்போது காட்டு விலங்குகளாகத் திரிகின்றன. ஓட்டிவந்தவர்களை 'ஆப்கானியர்' என்று மொத்தமாக அழைத்தாலும் பலுச்சிஸ்தான், சிந்து, பஞ்சாப் பக்கத்து ஆட்களும் அவர்களில் நிறைய. மாரீயில் அவர்கள் நட்ட பேரீச்ச மரங்கள் இன்னும் நிற்கின்றன. முதல் முறை அங்கே போனபோது யாரோ நம்ம பக்கத்து ஆள் எனக்கு முன்னாலேயே வந்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

"முதல் தடவை போறேன். எங்க ஆரம்பிக்கிறது?"

ஊட்னடாட்டா டிராக். மாரீயிலிருந்து மார்லா வரை 600 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான மண் சாலை. பழைய கான் ரயில் பாதையை ஒட்டியே போகும், அந்த ரயில் 1980-இல் நின்றுவிட்டது. மாரீ, வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா, மார்லா நான்கு இடத்திலும் எரிபொருள் கிடைக்கும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 200 கிலோமீட்டர். குளிர்காலத்தில் நாளுக்குச் சில வண்டிகளாவது எதிரே வரும். தனிமையும் இருக்கும், ஏதாவது ஆனால் கை நீட்டவும் ஆள் வரும்.

அடுத்தது பேர்ட்ஸ்வில் டிராக், மாரீயிலிருந்து பேர்ட்ஸ்வில் வரை 517 கிலோமீட்டர். இந்த இரண்டையும் முடிக்காமல் சிம்சனைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். கேட்கத்தான் போகிறீர்கள், அதனால் கடைசியில் பதில் வைத்திருக்கிறேன்.

"பொங்கல் லீவுல போகலாமா? பசங்களுக்கும் அப்பதான் ஸ்கூல் கிடையாது."

கூடாது. ஜனவரி இங்கே உச்சக் கோடை. 1960 ஜனவரி 2 அன்று ஊட்னடாட்டாவில் 50.7 டிகிரி பதிவானது. ஆஸ்திரேலியாவிலேயே அதைத் தாண்டிய அளவு இதுவரை கிடையாது. 2022 ஜனவரியில் மேற்குக் கரையில் ஆன்ஸ்லோ அதைத் தொட்டது, அவ்வளவுதான். சிம்சன் பூங்காவையே ஆண்டுதோறும் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மூடிவிடுகிறார்கள்.

மே முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம். பகலில் 20 டிகிரியை ஒட்டி இருக்கும். ராத்திரி மட்டும் ஏமாறாதீர்கள். வானம் மேகமில்லாமல் இருப்பதால் பகல் சூடு முழுவதும் மேலே போய்விடும், விடியும்போது தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிரும். முதல் பயணத்தில் நான் மெல்லிசுப் போர்வையோடு போய், மூன்று சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தே விடியவிட்டேன்.

"என் எஸ்யூவி போதுமா? இல்லன்னா வாடகைக்கு எடுத்துக்கலாமா?"

ஊட்னடாட்டா டிராக், காய்ந்திருக்கும்போது, தரையிலிருந்து உயரமாக நிற்கும் எஸ்யூவிக்குப் போதும். சிம்சனுக்குப் போதாது. அதற்குத் தாழ்வேக கியர் உள்ள உண்மையான ஃபோர் வீல் டிரைவ் வேண்டும். வாடகை வண்டி எடுத்தால் ஒப்பந்தத்தின் பொடி எழுத்தை வாசியுங்கள். பெரும்பாலானவற்றில் மண் சாலைக்கே காப்பீடு கிடையாது.

இங்கே என்ஜினைவிட டயர்தான் முதலில் கைவிடும். கூராக உடைந்த கற்கள் பக்கச்சுவரைக் கிழித்துவிடும், கிழிந்தால் ஒட்டுப் போட முடியாது. அதனால் ஸ்டெப்னி இரண்டு. கழற்றி மாட்டும் வேலையை வீட்டு வாசலில் ஒருமுறை தனியாகச் செய்து பாருங்கள். போல்ட் இறுகிப்போய் அசையவில்லை என்பது வாசலில் தெரிந்தால் நல்லது.

"தண்ணி எவ்ளோ எடுக்கணும் அண்ணா? அந்த 20 லிட்டர் கேன் ஒண்ணு போதுமா?"

என் கணக்கு இது: ஒரு நாளைக்கு 10 லிட்டர். பயணம் எத்தனை நாளோ அதோடு மூன்று நாள் கூட்டிக்கொள்வேன். நான்கு நாள் பயணத்துக்கு 70 லிட்டர். குடிக்க, சமைக்க, முகம் கழுவ எல்லாம் சேர்த்து. குளிர்காலத்தில் பாதி திரும்பி வந்துவிடும், வரட்டும். வெயிலில் மண்வெட்டி பிடித்து வேலை செய்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டருக்கும் மேல் வியர்வையாகவே போகும் என்பதை மனதில் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

அதைவிட முக்கியம், எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் வைக்காதீர்கள். குலுங்கும் சாலையில் பிளாஸ்டிக் டேங்க் வெடித்தால் ஒரே நாளில் மொத்தமும் தரைக்குப் போய்விடும். 10 லிட்டர் கேன்களாகப் பிரித்து, முன்னும் பின்னுமாக வையுங்கள்.

'வழியில் போர் தண்ணீர் இருக்குமே' என்பார்கள். இருக்கும். நாட்டின் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் பரவிக் கிடக்கும் பெரும் ஆர்ட்டீசியன் படுகை என்ற நிலத்தடி நீர்ப் பரப்பின் தண்ணீர் அது. சில இடத்தில் கொதிக்கக் கொதிக்க வரும், சில இடத்தில் வாயில் வைக்க முடியாத உப்பு. மாடு குடிக்கும் என்பதற்காக மனிதன் குடிக்க முடியும் என்று ஆகாது. டல்ஹவுசி ஊற்றில் 35 டிகிரிக்கு மேல் இருக்கும் வெந்நீரில் கழுத்தளவு நின்று குளிக்கலாம். அது சுகம்தான், ஆனால் அதை நம்பித் தண்ணீரைக் குறைக்கக் கூடாது.

"சாப்பாடு? அங்க போயும் சோறு பொங்குவீங்களா?"

ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும். அரிசிக்கும் பாத்திரம் கழுவுவதற்கும் தண்ணீர் நிறையப் போகும். நமக்குக் கைகொடுப்பது அவல். கொஞ்சம் தண்ணீரில் ஊறும், அடுப்பு வேண்டாம், வண்டி மாட்டிக்கொண்டு நிற்கும் நாளிலும் சாப்பிடலாம். முதல் இரண்டு நாளுக்குப் புளிச்சோறு கட்டிக்கொள்வேன். அப்புறம் சப்பாத்தி, பருப்புப் பொடி, ஊறுகாய். வியர்வையில் போகிற உப்புக்கு ஊறுகாய் நல்லதுதான், மருத்துவரிடம் உப்பைக் குறைக்கச் சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்டவர்கள் தவிர.

மெல்பர்ன், சிட்னியிலிருந்து வருபவர்கள் பழங்களைக் கட்டிக்கொண்டு வராதீர்கள். பழ ஈக்குப் பயந்து சவுத் ஆஸ்திரேலிய எல்லையில் தடை உண்டு, அபராதமும் உண்டு.

"சிக்னல் இருக்குமா? வாட்ஸப் வேலை செய்யுமா?"

ஊர்களைச் சுற்றிக் கொஞ்ச தூரம் இருக்கும், அதுவும் எல்லா நிறுவனத்துக்கும் அல்ல. நடுவில் ஒன்றும் இருக்காது. அதனால் செயற்கைக்கோள் வழி வேண்டும். அதில் இரண்டு வகை உண்டு, பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்று பிஎல்பி எனப்படும் அவசர பீகன். சில நூறு டாலர், மாதக் கட்டணம் இல்லை. பட்டனை அழுத்தினால் 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் செயற்கைக்கோளுக்குப் போய், அங்கிருந்து கான்பெராவில் உள்ள மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குத் தகவல் வரும். குறைந்தது 24 மணி நேரம் விடாமல் கூவும். ஆனால் அது ஒருவழிதான். 'டயர் வெடித்தது' என்றோ 'நெஞ்சு வலி' என்றோ அதில் சொல்ல முடியாது. வாங்கியதும் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் இலவசமாகப் பதிந்து, வீட்டு ஆள் ஒருவரின் எண்ணைக் கொடுங்கள். அவர்கள் முதலில் கூப்பிடுவது அந்த எண்ணைத்தான்.

மற்றது செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் கருவி. கட்டணம் உண்டு, ஆனால் இருவழி. ஐபோன் 14-இலும் அதற்குப் பிந்தையவற்றிலும் 2023 மே முதல் ஆஸ்திரேலியாவிலும் செயற்கைக்கோள் வழி அவசர அழைப்பு இருக்கிறது. நல்லதுதான், ஆனால் விழுந்தால் உடைகிற, சார்ஜ் இறங்குகிற சாமான் அது. தனியாகப் போகிறவர் பிஎல்பி, செய்திக் கருவி இரண்டையும் வைத்திருக்க வேண்டும் என்பேன்.

"வீட்ல என்னன்னு சொல்லிட்டுப் போறீங்க?"

எழுதிக் கொடுத்துவிட்டுப் போவேன். எந்தப் பாதை, எந்த ராத்திரி எங்கே, வண்டி எண், நிறம், எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எந்த நேரத்துக்குள் தகவல் வரும், வராவிட்டால் எத்தனை மணி நேரம் பொறுத்துப் போலீசைக் கூப்பிட வேண்டும். கடைசி வரிதான் உயிர்நாடி. 'ரொம்ப நேரம் ஆகிவிட்டால் பார்த்துக்கொள்' என்று சொல்லிவிட்டுப் போவது வீட்டில் இருப்பவர் தலையில் பாரத்தை ஏற்றுவது. எங்கள் வீட்டில் கணக்கு 12 மணி நேரம்.

இரண்டாம் பயணத்தில், மாலை 6 மணிக்குள் வில்லியம் கிரீக்கிலிருந்து கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தேன். அப்போது என்னிடம் செய்திக் கருவி இல்லை. வழியில் கவர்ட் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் ஊற்றுத் தொட்டியும் ஈச்ச மர நிழலும் நன்றாக இருந்ததால் அங்கேயே படுத்துவிட்டேன். காலையில் கிளம்பி ஊர் சேர்ந்து தொலைபேசியைத் தேடிக் கூப்பிட்டபோது மணி ஆறு ஆக ஐந்து நிமிடம். மனைவி போலீஸ் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. தூரத்தில் இருந்ததால் எனக்கு அது தெரியாமல் போனது வேறு விஷயம்.

"மணல்ல மாட்டிக்கிட்டா தனி ஆளா எப்படி எடுப்பீங்க?"

முதல் வேலை, காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுப்பது. சக்கரம் சுழலச் சுழல வண்டி புதையும். இறங்கி, டயர் காற்றைக் குறையுங்கள். சாலையில் 35-40 பிஎஸ்ஐ இருப்பதை மணலில் 18 அளவுக்கு இறக்க வேண்டும், மாட்டிக்கொண்டால் 15 வரை போகலாம். காற்று குறைந்தால் டயர் நீளவாக்கில் படிந்து, தரையில் படும் பரப்பு கூடும். பாதி நேரம் இதுவே போதும். அதனால்தான் காற்று அளக்கும் கருவியும் திரும்ப ஏற்றும் கம்ப்ரஸரும் கட்டாயம் என்கிறேன். குறைத்த காற்றோடு வேகமாகத் திரும்பினால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும், அதையும் நினைவில் வையுங்கள்.

அதிலும் வரவில்லை என்றால், நீளக் காம்பு மண்வெட்டியால் சக்கரத்துக்கு முன்னும் வண்டியின் வயிற்றுக்குக் கீழும் உள்ள மணலை வாரி, மீட்புப் பலகைகளைச் செருகி மெதுவாக ஏற்றுங்கள். கம்பியால் வண்டியை இழுக்கும் வின்ச் இருந்தாலும் அங்கே கட்ட மரம் இருக்காது. மதிய வெயிலில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். நிழல் கட்டிப் படுங்கள், சாயங்காலம் செய்யலாம். குளிர்ந்த மணல் கொஞ்சம் இறுகியும் கொடுக்கும்.

"எடுக்கவே முடியல, ஊர் பத்திருபது கிலோமீட்டர்தான்னு வச்சுக்கோங்க. நடந்துடலாம்ல?"

நடக்கக் கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எந்தப் பதிலும் மறந்துபோனாலும் இது மறக்கக் கூடாது என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

1998 டிசம்பரில் ஓர் ஆஸ்திரிய ஜோடி ஏர் ஏரிக் கரையில் மணலில் மாட்டிக்கொண்டது. பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டி இருந்தது. சில நாள் காத்திருந்துவிட்டு, வில்லியம் கிரீக்கை நோக்கி நடந்தார்கள். வெயில் தாங்காமல் அந்த ஆண் வண்டிக்குத் திரும்பினார், பிழைத்தார். அந்தப் பெண் மேலே நடந்தார், வழியில் இறந்துபோனார். பிறகு போலீஸார் டயர் காற்றைக் குறைத்து அந்த வண்டியை ஓட்டியே வெளியே எடுத்தார்கள். மேலே உள்ள பதிலில் காற்றைப் பற்றி அவ்வளவு சொன்னதற்கு இதுதான் காரணம்.

1963 டிசம்பரிலும் பேர்ட்ஸ்வில் டிராக் அருகே பெட்ரோல் தீர்ந்துபோன ஒரு குடும்பம் வண்டியில் குறிப்பு எழுதி வைத்துவிட்டு இறங்கி நடந்தது. ஐந்து பேரும் இறந்தார்கள். வண்டி என்பது வானிலிருந்து பார்த்தால் பளபளக்கும் பெரிய பொருள், நடக்கும் மனிதன் ஒரு புள்ளிகூட இல்லை. வண்டியில் நிழல் உண்டு, ஆனால் பகலில் உள்ளே உட்காராதீர்கள், அது அடுப்பு. பக்கவாட்டில் தார்ப்பாய் கட்டி, தரையைச் சற்றுத் தோண்டிக் கீழே படுங்கள். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் 'வேண்டாம்' என்று சொல்லித் தடுக்க வாய்ப்பு உண்டு. தனியாகப் போகிறவருக்கு அந்த ஆள் இல்லை. அதனால் நான் வண்டியின் சன் வைசரில் 'நடக்காதே' என்று எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

"அப்போ மாட்டினதும் அந்த பீகனை அமுக்கிடலாமா?"

தண்ணீர், சாப்பாடு, நிழல் இருந்து, உடம்பும் நன்றாக இருந்து, வண்டி மட்டும் படுத்துவிட்டது என்றால் அது பீகனுக்கான வேளை அல்ல. செய்திக் கருவியில் வீட்டுக்கோ பக்கத்து ரோட்ஹவுஸுக்கோ (பெட்ரோலும் தங்க இடமும் தரும் சாலையோர விடுதி) சொல்லி மீட்பு வண்டி கேளுங்கள். சிம்சன் நடுவிலிருந்து இழுத்து வர பல ஆயிரம் டாலர் ஆகும், உங்கள் கையிலிருந்துதான். உயிருக்கு ஆபத்து என்றால் பீகன். கால் முறிவு, பாம்புக் கடி, தண்ணீர் கையிருப்பு ஒரு நாளுக்கு வந்துவிட்டது, இதெல்லாம் அந்தக் கணக்கில் சேரும். 1928-இல் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவை விமானம் இந்த ஊர்களின் மண் ஓடுதளங்களில் வந்து இறங்கும்.

இதில் ஒரு சிக்கல். வெப்பத் தாக்கு முதலில் கெடுப்பது புத்தியைத்தான். தலைசுற்றல், எரிச்சல், பிறகு குழப்பம். குழம்பிய ஆளுக்குத் தான் குழம்பியிருப்பது தெரியாது. ஆகவே தனியாள் சற்று முந்திக்கொள்ள வேண்டும். சந்தேகம் வந்த நேரமே சரியான நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"யூட்யூப்ல பார்த்தேன், பிளாஸ்டிக் ஷீட் போட்டுத் தோண்டினா தண்ணி வருமாமே? ரேடியேட்டர் தண்ணியும் குடிக்கலாமாம்?"

ரேடியேட்டர் தண்ணீரில் கிளைக்கால் கலந்திருக்கும். விஷம். சிறுநீரகத்தையே கொன்றுவிடும். குழி தோண்டிப் பிளாஸ்டிக் விரிப்பதில் தண்ணீர் வரத்தான் செய்யும், ஆனால் தோண்டும்போது நீங்கள் சிந்துகிற வியர்வை அதைவிட அதிகம். சிறுநீரைக் குடிப்பதும் உப்பைத் திரும்ப உள்ளே தள்ளுவதுதான். இந்த வித்தைகளைக் கற்க ஆகும் நேரத்தில் இன்னொரு கேன் தண்ணீரை வண்டியில் ஏற்றிவிடலாம்.

"மழையே பெய்யாத ஊர்தானே? அப்புறம் ஏன் ரோடை மூடுறாங்க?"

பெய்யாததால்தான். வடிகால் இல்லாத களிமண் தரை, பத்து மில்லிமீட்டர் மழைக்கே சோப்பு மாதிரி ஆகிவிடும். ஈரத்தில் ஓட்டினால் வண்டி போட்ட பள்ளம் காய்ந்து கல்லாகி மாதக்கணக்கில் நிற்கும், அதனால் மூடுகிறார்கள். மூடிய சாலையில் போனால் கடும் அபராதம், காப்பீடும் கைவிரிக்கும். இன்னொன்று, குயின்ஸ்லாந்தில் எங்கோ பெய்த மழை நீலவானத்தின் கீழ் வாரங்கள் கழித்து கூப்பர் கிரீக் வழியாக வந்து பேர்ட்ஸ்வில் டிராக்கை வெட்டும். கிளம்பும் நாள் காலையிலும், ஒவ்வொரு ரோட்ஹவுஸிலும் கேளுங்கள். பயணத் திட்டத்தில் இரண்டு நாளைச் சும்மா விட்டுவையுங்கள். திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கிறது என்கிற அவசரம்தான் ஆட்களைச் சேற்றில் இறக்குகிறது.

"பாம்பு?"

உலகிலேயே நஞ்சு மிகுந்த இன்லாந்து டைப்பான் அந்தப் பக்கத்துப் பாம்புதான். கூச்ச சுபாவம், குளிர்காலத்தில் அதிகம் வெளியே வராது. நான் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. மூடிய காலணி போடுங்கள், விறகில் கை விடாதீர்கள். எனக்கு உண்மையில் தொல்லை கொடுத்தது ஈ. முகவலை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சாலையில் அந்தியில் குறுக்கே பாயும் கங்காருவும் வேலியில்லாமல் மேயும் மாடும் பாம்பைவிட ஆபத்து, அதனால் இருட்டியபின் ஓட்டுவதில்லை.

"நான் பொண்ணு, தனியாப் போகலாமா அங்கிள்?"

1977-இல் ராபின் டேவிட்சன் என்ற பெண் நான்கு ஒட்டகங்களும் ஒரு நாயுமாக ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து இந்தியப் பெருங்கடல் கரைவரை ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர் போனார். போக முடியுமா என்ற கேள்விக்கு அதுவே பதில்.

உன் கேள்வி அதுவல்ல, மனிதர்களைப் பற்றி என்று தெரியும். எனக்குத் தெரிந்து தனியாகப் போகும் பெண்கள் சொல்வது இது: சாலையோரத்தில் தெரியும்படி முகாம் போடுவதில்லை, ரோட்ஹவுஸ் வளாகத்திலோ குடும்பங்கள் தங்கும் இடத்திலோ, அல்லது சாலையிலிருந்து தெரியாத இடத்திலோ. ராத்திரி வண்டிக்குள் தூங்கினால் வண்டியின் முகம் வெளியேறும் பக்கமாக இருக்கும், சாவி கையில் இருக்கும். 'தனியாவா வந்தீங்க?' என்று கேட்பவரிடம் 'பின்னாடி வண்டி வருது' என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். ஆணாகிய எனக்கு இந்தக் கவலை குறைவு, அதனால் இதற்கு மேல் நான் அளப்பது சரியாக இருக்காது. போய்வந்த பெண்களையே கேள்.

"கூகுள் மேப் இருக்கே, வழி எப்படித் தப்பும்?"

இணையம் இல்லாமல் ஓடும் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், காகித வரைபடமும் ஒன்று. வண்டியில் இருக்கும்வரை வழி தப்புவது அபூர்வம். இறங்கி நடக்கும்போதுதான் தப்பும். படம் எடுக்க ஒரு மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால் வண்டி மறைந்துவிடும். எல்லா மேடும் ஒரே மாதிரி. மதியத்தில் கானல் வேறு, பேய்த்தேர் என்று நம் ஆட்கள் பேர் வைத்தது சும்மா இல்லை. சிம்சனில் மேடுகள் ஏறக்குறைய வடக்குத் தெற்காக ஓடும் என்பது ஒரு பிடி. எத்தனை மேடு தாண்டினேன், எந்தத் திசையில் என்று எண்ணிக்கொண்டே போக வேண்டும்.

என் வழக்கம், காலைக்கடனுக்குப் போனாலும் இடுப்பில் பீகன், தண்ணீர் பாட்டில், சாவி. அசிங்கமாகத்தான் இருக்கும். பார்க்கத்தான் யாரும் இல்லையே.

"தம்பி, ராத்திரியில பயமா இருக்காதா?"

இருக்கும் அம்மா. முதல் ராத்திரி எப்போதும் இருக்கும். டிங்கோ என்ற காட்டு நாய் ஊளையிடும், பக்கத்தில் இருப்பது போலவே கேட்கும். அதைவிடப் பயம், சத்தமே இல்லாத நேரம். என் ரத்தம் ஓடுவது எனக்கே கேட்கும். இரண்டாம் ராத்திரி குறைந்துவிடும். மூன்றாம் நாள் வண்டியோடு பேச ஆரம்பித்திருப்பேன். பயத்தில் எந்த முடிவும் எடுப்பதில்லை என்று மட்டும் வைத்திருக்கிறேன். ராத்திரியில் தோன்றும் எல்லாத் திட்டத்தையும் காலைக் காப்பிக்குத் தள்ளிப்போட்டுவிடுவேன்.

"அது ஆதிக்குடிகள் நிலமாச்சே, பர்மிட் வேணுமா?"

பொதுச் சாலையில் போக பர்மிட் தேவையில்லை. சிம்சன் போன்ற பூங்காக்களுக்கு சவுத் ஆஸ்திரேலிய அரசின் பாலைப் பூங்கா அனுமதிச் சீட்டு வேண்டும். சில பழங்குடி நிலங்களுக்கும், உமேரா ராணுவச் சோதனைப் பகுதிக்கும் தனித்தனி அனுமதி. கிளம்பப் பல வாரங்களுக்கு முன்பே கேளுங்கள்.

'ஆளில்லாப் பாலை' என்று சொல்வதையும் விட்டுவிடலாம். சிம்சன் நடுவிலேயே வாங்கங்குரு மக்கள் வாழ்ந்தார்கள். மணலுக்குள் சாய்வாகத் தோண்டிய மிகிரி எனும் குறுகலான கிணறுகளில் தண்ணீர் எடுத்தார்கள். கிணறு எங்கே என்பது தலைமுறை தலைமுறையாகக் கதையிலும் பாட்டிலும் வந்த அறிவு. கட்டி தண்டா ஏரி அராபனா மக்களுடையது, 2012-இல் நீதிமன்றமும் அதை ஏற்றது. ஏரிப் படுகையில் நடக்கவோ வண்டி இறக்கவோ வேண்டாம் என்பது அவர்கள் வேண்டுகோள், இப்போது பூங்கா விதியும் அதுதான். கரையில் நின்று பார்த்தாலே போதும், அவ்வளவு பெரிது.

"கடைசியா நேரா சொல்லுங்க. சிம்சனைத் தனி வண்டியில கடக்கலாமா?"

சட்டம் தடுக்கவில்லை. பாலையின் மேற்கு ஓரத்தில் உள்ள மவுண்ட் டேரிலிருந்து கிழக்கு ஓரத்து பேர்ட்ஸ்வில் வரை, பாதையைப் பொறுத்து 500 கிலோமீட்டருக்குக் கூடக்குறைய, நடுவில் எரிபொருள் கிடையாது. மணலில் வண்டி வழக்கத்தைவிட மிக அதிகமாகக் குடிக்கும். பலர் எடுக்கும் பிரெஞ்ச் லைன், 1960-களில் ஒரு பிரெஞ்சு நிறுவனம் எண்ணெய் தேடப் போட்ட நேர்கோடு, மேட்டுக்கு மேல் மேடாக ஏற்றும். மேற்கிலிருந்து கிழக்கே போனால் சரிவு சற்று மென்மை, எதிர்த்திசையில் செங்குத்து. முடிவில் பேர்ட்ஸ்வில்லுக்கு முன் சுமார் 40 மீட்டர் உயரத்தில் பிக் ரெட் என்ற மணல்மேடு நிற்கும். மேட்டு உச்சியில் எதிரே வருபவர் தெரிய மாட்டார் என்பதால், தரையிலிருந்து 3.5 மீட்டர் உயரத்துக்குக் கொடிக் கம்பம் கட்டாயம். ரேடியோவை 10-ஆம் சேனலில் வைத்து, 'மேற்கிலிருந்து ஒரு வண்டி வருது' என்று சொல்லிக்கொண்டே போவார்கள்.

நான் தனி வண்டியாகக் கடந்ததில்லை. திறமை இல்லாததாலா என்று கேட்டால், ஓரளவு ஆமாம். வண்டி படுத்தால், மேலே சொன்ன எல்லாமே சரியாக நடந்தாலும், உதவி வர நாள்கள் ஆகலாம். அதனால் மவுண்ட் டேரில் முகாம் போட்டு, அதே திசையில் போகிற வண்டி வருமா என்று காத்திருந்தேன். மூன்றாம் நாள் காலையில் எழுபதைத் தாண்டிய ஒரு தம்பதி, என்னுடையதைவிடப் பழைய வண்டியில் வந்தார்கள். 'கூட வரலாமா?' என்று கேட்டேன். 'வாங்க, ஆனா எங்களுக்கு ராத்திரி ஏழரைக்கே தூக்கம் வந்துடும்' என்றார் அந்த அம்மா. நான்கு நாளும் ஒரு மேடு இடைவெளி விட்டே ஓட்டினேன். அவர்கள் கொடி மட்டும் முன்னால் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.